சிமெண்டில் நட்ட கொடிகள்

கடற்கரையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் போன மாதம் போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். உயிர்காப்பாளர்களுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுத வேண்டுமாம். "அங்கிள், அந்தக் கொழந்தைய காப்பாத்துனீங்கல்ல, சர்டிபிகேட்லாம் குடுத்தாங்களே, அத எழுதுங்க. படிக்கிறவங்களுக்கு ஒரு ஜோஷ் வரும்" என்றார்கள்.

எழுதுகிறேன். அந்த உற்சாகம் வருமா என்று தெரியாது. அவர்கள் இதைப் போடுவார்களா என்றும் தெரியாது. போடாவிட்டால் வேறு யாராவது போடட்டும். கடற்கரையின் பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் வேலை பார்க்கிறார்கள். தெற்கு அந்தமானின் மேற்குப் பக்கம், போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் போகலாம். அவ்வளவு போதும்.

என் பெயர் சேவியர். அப்பா கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து பாம்பூஃப்ளாட்டில் தங்கியவர். நானும் இருபது வருடம் வலை இழுத்தேன். பிறகு சுற்றுலாத் துறையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். உயிர்காப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். மெயின்லேண்டிலிருந்து வந்த இருவர் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மிதவையைத் தோளில் மாட்டுவது, விசில் எத்தனை தடவை ஊதுவது, முழுகுகிறவனைப் பின்னாலிருந்து எப்படிப் பிடிப்பது, மார்பை எப்படி அழுத்துவது. நல்ல பயிற்சிதான். எல்லாம் நீச்சல் குளத்தில் நடந்தது. கடலைப் பற்றி அரை நாள் பாடம் எடுத்தார்கள், அதுவும் விளக்கை அணைத்துப் படம் காட்டி. பாதிப் பேர் தூங்கினோம்.

கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "முதலை இருக்கா?" பலகையிலும் முதலைப் படம்தான் பெரிதாகப் போட்டிருக்கும். என் காலத்தில் அந்தக் கடற்கரையில் முதலை ஒருவரையும் தொட்டதில்லை. ஆட்களைக் கொண்டுபோனது தண்ணீர். அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு அடியில், கரைக்கு இணையாக ஒரு மணல்திட்டு கிடக்கும். அலை அதில் இடறித்தான் உடைகிறது. உடைந்த அலை தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளும். அடுத்த அலை இன்னும் தள்ளும். இப்படித் தள்ளிய தண்ணீர் எல்லாம் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் தேங்கி நிற்கும். அது திரும்பிப் போக வழி வேண்டும். திட்டு எங்காவது ஒரு இடத்தில் அறுந்திருக்கும். தேங்கிய தண்ணீர் முழுவதும் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து அந்த வாய் வழியாகக் கடலுக்குள் போகும். வாயில் ஆழம் அதிகம், அதனால் அங்கே அலை உடையாது. நுரை இருக்காது. இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கொதிக்கும்போது நடுவில் மட்டும் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்? அந்த இடத்தைத்தான். எங்கள் வீட்டில் இதை இழுவை என்போம்.

இழுவை ஒழுங்காக ஓடுகிற வாய்க்கால் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஒரு அலை அதன் முழு நீளத்துக்கும் சேர்ந்து உடைவதில்லை. ஒரு துண்டு உடையும், பக்கத்துத் துண்டு உடையாது. உடைந்த துண்டு முடிகிற முனையில் தண்ணீர் திரும்பிச் சுழிக்கும். பத்து அலை வந்தால் பத்து இடத்தில் சுழி விழும். சின்னச் சுழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். அவை இழுவையை இந்தப் பக்கம் வளைக்கும், அந்தப் பக்கம் வளைக்கும், சில சமயம் அடைத்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே இல்லாத மாதிரி கிடக்கும். பிறகு நாலு பெரிய அலை வரிசையாக வரும். உடனே எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இடுப்பளவில் நின்றவன் காலுக்குக் கீழே மணல் இருக்காது. இழுவை ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும். சுழி அவனைத் திருப்பிவிட்டால் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. கரையைக் கண்டுபிடித்து நேராக நீந்துகிறவன் களைத்து முழுகுகிறான். பக்கவாட்டில் நீந்த வேண்டும், அல்லது சும்மா மிதந்து கையைத் தூக்க வேண்டும். இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். தலையாட்டிக்கொண்டே செல்பி எடுப்பார்கள்.

இன்னொன்று. திட்டின் வாய் ஒரே இடத்தில் இருக்காது. பெரிய அலை ஒரு நாள் அடித்தால் போதும், நேற்று அடைந்திருந்த இடம் இன்று திறந்துகொள்ளும்.

அதனால் எங்கள் வேலை காலை ஆறு மணிக்கு நடையில் தொடங்கும். நானும் கணேசனும். கணேசன் கச்சால் தீவுக்காரன். அவன் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பம். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தான். கடலுக்குப் பயந்தவன், அதனால் என்னைவிட நன்றாகக் கடலைப் பார்ப்பான்.

கடற்கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்போம். நுரை எங்கே அறுந்திருக்கிறது, தண்ணீர் எங்கே கலங்கி மணல் நிறத்தில் வெளியே போகிறது என்று பார்ப்போம். சந்தேகமான மூன்று இடங்களில் காய்ந்த தேங்காய் மட்டையை வீசுவோம். மட்டை கரைக்குத் திரும்பினால் அந்த இடம் பரவாயில்லை. நின்று சுற்றினால் கவனிக்க வேண்டும். வெளியே போனால் அங்கே சிவப்புக் கொடி. மட்டை திரும்பி வந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இரண்டு, மூங்கிலில் கட்டி நடுவோம். அந்த இரண்டுக்கும் நடுவில் குளிக்கலாம் என்று அர்த்தம். பிறகு கடல் வற்றும் நேரத்தில் மறுபடி மட்டை, தேவைப்பட்டால் கொடியைப் பிடுங்கி வேறு இடம். இதை எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாங்களாகச் செய்துகொண்டது.

கணேசன் மட்டைகளுக்குப் பெயர் வைப்பான். "அண்ணே, இது சேகரன் சாரு. எங்க வீசினாலும் நனையாம கரைக்கு வந்துருவாரு பாருங்க." மட்டை கரைக்கு வந்தால் அதற்கு ஒரு சல்யூட் அடிப்பான்.

சேகரன் சார் எங்கள் அதிகாரி. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எங்களுக்கு மேலே நாலு வருடம் இருந்தார். அந்த நாலு வருடத்தில் ஒரு தடவைகூட சத்தம் போட்டதில்லை. ஒரு தடவைகூட மணலில் கால் வைத்ததும் இல்லை. பளபளப்பான கறுப்பு ஷூ போட்டிருப்பார். சிமெண்ட் நடைபாதையின் விளிம்பில் ஷூ நுனி சரியாக வந்து நிற்கும்படி நின்று, கையைத் தட்டுவார். நாங்கள் ஈரக் காலோடு ஓட வேண்டும். வந்தவுடன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார். என் மகள் எந்த வகுப்பு என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். டீ வாங்கிக் கொடுப்பார். டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியாக, நாம் செய்ய முடியாத ஒரு காரியத்தைச் சொல்வார். டீயைக் குடித்துவிட்டு முடியாது என்று சொல்வது கஷ்டம். அது அவருக்குத் தெரியும்.

கடற்கரையின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுத்து எழுத்தாக வெட்டி, வர்ணம் அடித்து வைத்தார்கள், ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள. பெரிய அதிகாரி ஒருவர் அதன் முன்னால் நின்று எடுத்த படத்தில் எங்கள் கொடி ஒன்று ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்ததாம். சேகரன் சார் அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

"சேவியர், ஒரு நாள் அங்க, ஒரு நாள் இங்க. இது என்ன சர்க்கஸ் கூடாரமா?"

"இழுவை நவுருது சார். அது நவுந்தா கொடியும் நவுரணும்."

"அப்ப இழுவைக்கு ஒரு லெட்டர் போட்டு ஒரே எடத்துல நிக்கச் சொல்லவா?" என்று சிரித்தார். டீக்கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். எழுத்துகளுக்கு இடப்பக்கம் முப்பது அடி, வலப்பக்கம் முப்பது அடி என்று டேப் பிடித்து அளந்து, இரும்புக் குழாய்களைச் சிமெண்டில் நட்டுவிட்டுப் போனார்கள். இனிமேல் கொடி அந்தக் குழாயில்தான். சிவப்புக் கொடி போடுவதென்றால் முதலில் சாருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். படத்தில் எல்லாம் அழகாக வந்தது.

சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் திட்டின் வாய் தெற்கு ஓரத்தில் கிடந்தது. எங்களுக்கும் பழகிவிட்டது. மட்டை வீசுவதை நான் நிறுத்தவில்லை. மட்டை சொன்னதைச் சாரிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன். என் தப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அந்த நாள் பள்ளிக்கூட விடுமுறைக் காலத்தில் வந்தது. நல்ல வெயில். காற்றே இல்லை. வங்காள விரிகுடாவில் எங்கோ தூரத்தில் புயல் என்று முந்தின நாள் ரேடியோவில் சொன்னார்கள். இங்கே வானத்தில் ஒரு மேகம் இல்லை, அலை மட்டும் நீளநீளமாக வந்துகொண்டிருந்தது. காலையில் முதல் மட்டையை எழுத்துகளுக்கு நேராக, இரண்டு குழாய்களுக்கும் நடுவில் வீசினேன். அது கொஞ்சம் நின்று சுற்றியது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வெளியே போய்விட்டது. கணேசன் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். "சார், வாய் ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல வந்துட்டுது. செவப்பு போடணும்."

"இன்னிக்கா? பதினோரு மணிக்கு மெயின்லேண்ட் டீம் வருது சேவியர். பாதுகாப்பான கடற்கரைன்னு படம் எடுக்க வர்றாங்க. செவப்பு பறந்தா என்னத்த எடுப்பாங்க? அவங்க போகட்டும். பன்னெண்டு மணிக்குப் போட்டுக்க."

"அதுவரைக்கும் ஆளு எறங்குனா?"

"பேச்சுலயே சமாளி. நீ சீனியர், ஒன் பேச்சுக்கு மரியாத இருக்கு. டீக் ஹை?"

போனை வைத்ததும் கணேசன் சொன்னான்: "கொடிய சுருட்டிருவோம் அண்ணே. கேட்டா காத்துல பிச்சுக்கிச்சுன்னு சொல்லிருவோம்."

"காத்து எங்கலே அடிக்குது?"

"அப்ப நான்தான் கிழிச்சேன்னு சொல்லுங்க. என்ன பண்ணிருவாங்க?"

"சும்மா இரு. பன்னெண்டு மணி வரைக்கும்தான?"

என்னை நிரந்தரம் செய்வதற்கான கோப்பு அப்போது சேகரன் சாரின் மேஜையில் இருந்தது. இதை யாரும் என்னிடம் நினைவுபடுத்தவில்லை. எனக்கே நினைவில் இருந்தது.

பதினோரு மணிவரை அந்த வாய்க்கு நேராக முழங்கால் தண்ணீரில் நானே நின்றேன். இறங்க வந்தவர்களை விசில் ஊதித் துரத்தினேன். "கொடிக்கு உள்ளதான நிக்கிறோம், அறிவிருக்கா உனக்கு?" என்று ஹிந்தியிலும் தமிழிலும் திட்டு வாங்கினேன். பரவாயில்லை. நடந்தது.

டீம் வந்தது. சார் நடைபாதை விளிம்பில் நின்று கை தட்டினார். தண்ணீரைவிட்டு ஏறி ஓடினோம். கேமராக்காரர் முதலில் என்னைத் தனியாக எடுத்தார். பிறகு, ஒரு பயணியிடம் நான் பேசுகிற மாதிரி வேண்டும் என்றார். யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் தானாகவே என்னிடம் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. பின்னால் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே அவள் கணவன். ஊர் சேலம் என்றும், அவள் பெயர் கவிதா, அவன் பெயர் பிரபு என்றும் பிற்பாடுதான் தெரியும்.

"அண்ணா, பாப்பாவுக்கு மொதத் தடவ கடல். எங்க எறங்கலாம்? அங்கெல்லாம் நொரையடிக்கிறது பயமா இருக்கு. இந்த எடம் அமைதியா இருக்கே, இங்க எறங்கட்டுங்களா?"

"ஆ, அப்படியே கை காட்டுங்க சார்" என்றார் கேமராக்காரர்.

சேகரன் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம். நான் கையைத் தூக்கினேன். "கொடிக்கு நடுவுல எறங்குங்கம்மா" என்றேன்.

படம் எடுத்து முடிந்ததும் ஓடிப்போய் அவர்களைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஆகாது என்று நினைத்தேன். ஆனால் கேமராக்காரர் எங்களை எழுத்துகளுக்கு முன்னால் வரிசையாக நிற்கச் சொன்னார். கடற்கரையில் இருந்த உயிர்காப்பாளர்கள் இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஒன்று எடுத்தார். இரண்டு எடுத்தார். மூன்றாவதற்கு, கொஞ்சம் சிரிங்க என்றார். நான் சிரித்தேன்.

கவிதா கத்தியது கேட்டதும் முதலில் ஓடியவன் கணேசன்.

நாங்கள் திரும்பியபோது பெரிய அலைகள் வந்து போய்விட்டன. இரண்டு பக்கமும் நுரை. நடுவில் அந்தக் குளம் இப்போது ஓடிக்கொண்டிருந்தது. கவிதா முட்டளவில் நின்று கத்தினாள். பிரபு குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி திட்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். நான் மிதவையோடு அந்த வாயிலேயே குதித்தேன். அதுதான் சீக்கிரமாகக் கொண்டுபோகும். பக்கத்தில் போனபோதுதான் கவனித்தேன். சுழி அவனைத் திருப்பியிருந்தது. கரை என்று நினைத்து அவன் கடலைப் பார்த்து ஒற்றைக் கையால் நீந்திக்கொண்டிருந்தான். தன் பலம் முழுவதையும் அதில் செலவழித்துவிட்டான்.

"இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் பாருங்க!" என்று கத்தினேன். திரும்பினான். என்னைப் பார்த்ததும் குழந்தையை என் பக்கம் தள்ளினான். "பாப்பாவப் புடிங்க" என்றான். பிடித்தேன். குழந்தையை மிதவையின்மேல் ஏற்றி அணைத்துக்கொண்டு, அவனுக்கு மிதவையின் கயிற்றை வீசினேன். கணேசன் வலப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். இன்னும் நாலு கைவீச்சுத் தூரம். எங்கள்மேல் ஒரு அலை உடைந்தது. நுரை கலைந்தபோது கயிறு மட்டும் மிதந்தது.

கணேசன் முழுகினான், எழுந்தான், முழுகினான். மூக்கில் ரத்தம் வரும்வரை முழுகினான். நான் பக்கவாட்டில் நீந்தி, திட்டின்மேல் ஏறி, அலையோடு குழந்தையைக் கரை சேர்த்தேன். கவிதா குழந்தையை வாங்கிக்கொண்டு, "அவரு?" என்று கேட்டாள். நான் திரும்பக் கடலுக்குள் ஓடினேன். தேடுவதற்கு என்று சொல்லலாம். அவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கும்தான். மூன்று மணிக்கு, வடக்கே டிங்கிப் படகில் போன மீன்காரர்கள் அவனை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை சார் எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். டீ வந்தது. வாக்குமூலத்தை அவரே எழுதி வைத்திருந்தார். தமிழில் படித்துக் காட்டினார். நாங்கள் உயிரைப் பணயம் வைத்ததெல்லாம் நன்றாக எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி: சம்பந்தப்பட்ட குடும்பத்தினர் எச்சரிக்கையை மீறி, கொடிகளுக்கு வெளியே இறங்கினர்.

"சார், அவங்க உள்ளதான் இருந்தாங்க" என்றேன்.

"தெரியும் சேவியர்." குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. "போனவன் திரும்ப வரப்போறதில்ல. இருக்கிறவங்களப் பாக்கணும். உள்ளன்னு எழுதினா மொதக் கேள்வி, எறங்கச் சொன்னது யாரு? நான் ஒன் பேர எங்க ஒளிச்சு வைப்பேன்? ஒனக்காகத்தான் இந்த வரி."

கணேசன் டீயைத் தொடவில்லை. "எனக்காக எதுவும் எழுதாதீங்க சார். நான் போடல" என்று எழுந்துவிட்டான்.

நான் போட்டேன். தமிழில் என் பெயரைத் தெளிவாக எழுதினேன்.

பத்தே நாளில் கணேசனை லாங் ஐலண்ட் ஜெட்டிக்கு மாற்றினார்கள். கப்பல் வரும்போது கயிறு பிடிக்கிற வேலை. வழியனுப்பப் போனேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான். "அங்க அலையே கெடையாதாம் அண்ணே. மட்டையெல்லாம் நீங்களே வச்சிக்குங்க. இனிமே உங்க பேர வச்சு வீசுங்க, அதுவும் நனையாம கரைக்கு வந்துரும்." அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. நான் இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

எனக்கு விழாவில் சான்றிதழ் கொடுத்தார்கள், குழந்தையைக் காப்பாற்றியதற்கு. சால்வை போட்டார்கள். சேகரன் சார்தான் முதலில் கை தட்டினார். அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கொடிகளுக்கு நடுவே குளியுங்கள் என்று எழுதி, கடற்கரை வாசலில் வைத்தார்கள். படத்தில் நான் கையை நீட்டிக் கடலைக் காட்டுகிறேன். கவிதா நின்ற பகுதியை வெட்டிவிட்டார்கள். பிறகு ஏழு வருடம் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

ஆறு மாதம் கழித்துக் கவிதா போன் செய்தாள். என் நம்பரை எப்படியோ வாங்கியிருக்கிறாள்.

"அண்ணா, அன்னிக்கு நான் உங்ககிட்ட வந்து கேட்டேன்ல. நீங்க கை காட்டுனீங்கல்ல. இங்க பேப்பர்ல, கொடிக்கு வெளிய போனோம்னு போட்டிருக்கு. எங்க அத்தை, நீதான் எம் பையன வெளிய கூட்டிட்டுப் போயிக் கொன்னேன்னு சொல்றாங்க. ஊரே சொல்லுது. நான் கேஸெல்லாம் போடமாட்டேன் அண்ணா. சத்தியமா. எங்க அத்தைகிட்ட ஒரே ஒரு தடவ, அவ எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எறங்குனான்னு சொல்லுங்க. போனக் குடுக்கட்டுங்களா?"

நிரந்தர வேலை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க கொடிக்கு வெளிய போயிட்டீங்கம்மா" என்றேன்.

 "அப்படிங்களா அண்ணா" என்றாள். என்மேல் கோபப்படவில்லை. தன்னையே சந்தேகப்படுகிற குரல். போனை வைத்துவிட்டாள். அந்த நம்பரை 'சேலம்' என்று பதிந்து வைத்தேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் என்னால் சொல்ல முடியாது.

சேகரன் சார் பதவி உயர்ந்து போய்விட்டார். அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதி. அவர் ஷூவில் மணல் படாமல் வேலை பார்த்தார், அவ்வளவுதான். கையைத் தூக்கியது நான். போனில் ஒரு பெண்ணுக்கு அவள் கண்ணால் கண்டதையே பொய் என்று சொன்னதும் நான். அதைச் செய்யச் சொல்லி எந்த அதிகாரியும் என் பக்கத்தில் நிற்கவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கடற்கரையில் அலையின் உயரத்தைக் காட்டும் மின்பலகை வைத்திருக்கிறார்களாம். நல்லது. திட்டின் வாய் இன்று எங்கே இருக்கிறது என்று அந்தப் பலகைக்குத் தெரியாது. குழாய்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று அந்த இரண்டு பேரிடமும் கேட்டேன். "ஆமா அங்கிள், புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கோம்" என்றார்கள். மட்டை வீசுகிறீர்களா என்று கேட்டேன். எந்த மட்டை என்றார்கள். கிரிக்கெட் மட்டையைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. கத்திவிட்டேன். பாவம், பயந்துபோய்க் கிளம்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் சேலத்துக்குப் போன் செய்தேன். ஒன்பது வருடத்தில் நம்பர் மாறியிருக்கும் என்று நம்பினேன். மாறவில்லை. யார் என்று சொன்னேன். நான் பொய் சொன்னேன், நீங்கள் கொடிக்கு உள்ளேதான் இருந்தீர்கள், நான்தான் கை காட்டினேன், உங்கள் அத்தையிடம் போனைக் கொடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எங்க அத்தை செத்து ஒன்ற வருஷமாச்சு" என்றாள் கவிதா. "கடைசி வரைக்கும் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல."

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"இப்ப எதுக்குக் கூப்புடறீங்க? உங்க மனசு லேசாகுறதுக்கா?"

"தெரியலம்மா."

"பாப்பா நாலரைக்கு ஸ்கூல் விட்டு வருவா. ஒம்பதாவது படிக்கிறா. அவளும் பாட்டி சொன்னதக் கேட்டுத்தான் வளந்தா. வாயத் தெறந்து சொல்ல மாட்டா, ஆனா பாக்குற பார்வ எனக்குத் தெரியும். சொல்றதுன்னா அவகிட்ட சொல்லுங்க. முடியலன்னா இனிமே இந்த நம்பருக்குக் கூப்புடாதீங்க."

நாலே முக்காலுக்குக் கூப்பிட்டேன். கவிதா போனைப் பாப்பாவிடம் கொடுத்தாள்.

"அந்தமான் அங்கிளா? என்னைக் காப்பாத்துனீங்களே, அவங்களா?" கெட்டிக்காரக் குரல். "உங்களப் பத்தி ஸ்கூல்ல ஒரு தடவ கட்டுரை எழுதியிருக்கேன் அங்கிள். ப்ரைஸ் கெடச்சுது."

"பாப்பா, நான் ஒன்னு சொல்லணும். குறுக்க பேசாமக் கேளு" என்று எல்லாவற்றையும் சொன்னேன். மட்டை வெளியே போனதையும், கேமராவையும், கையெழுத்தையும், அவள் அம்மாவிடம் போனில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை.  முடித்ததும் லைன் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அம்மா உங்ககிட்ட வந்து கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"கேட்டதுக்கு அப்புறம்தான் எறங்குனாங்களா?"

"ஆமா."

"நீங்கதான் எறங்கச் சொன்னீங்களா?"

"நான்தான் சொன்னேன். மூணு பேரும் கொடிக்கு உள்ளதான் இருந்தீங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் என்று சத்தத்தில் தெரிந்தது. வீட்டுக்குள் ஓடுகிற காலடி கேட்டது. "அம்மா," என்று கூப்பிட்டாள், "அம்மா, நீ கேட்டியாமே. நெசமாவே கேட்டியாமே!"

கவிதா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அது எனக்குக் கேட்க வேண்டியதும் இல்லை. போனை வைத்துவிட்டேன்.